நாலு கோடும் நிற்கிறது

"மெஷினை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்று சொல்லி முடித்த கையோடு, லைன் அறுந்து காதில் விழ வேண்டிய 'டொக்' விழவில்லை. முத்துப்பேச்சிக்கு அது புதுசு. கோயம்புத்தூரில் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், ஒரு செல்போன் கம்பெனிக்கு வரும் புகார்களைக் காதில் வாங்கிக்கொள்வதற்கென்றே நூற்று நாற்பது நாற்காலி போட்டிருக்கும் அந்தக் கூடத்தில், எல்லோருக்கும் தெரிந்த வித்தை ஒன்று உண்டு. நெட் வரவில்லை என்று ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தால் போனை அணைத்துப் போடச் சொல்ல வேண்டும். அவர் எந்தப் போனில் பேசுகிறாரோ அதையே அணைப்பார். லைன் அறுந்துபோகும். வாடிக்கையாளர் பக்கம் அறுந்தால் கம்ப்யூட்டர் அந்தப் புகாரைத் 'தீர்ந்தது' என்று தானாகவே மூடிக்கொள்ளும். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இது எழுதியிருக்காது. பழைய ஆட்கள் புது ஆட்களுக்கு ஹெட்செட்டை மாட்டிவிடும்போது கூடவே மாட்டிவிடுவது. அறுந்தவர் மறுபடி கூப்பிட்டால் வேறொரு நாற்காலிக்குப் போவார், அந்த நாற்காலியும் அதையேதான் சொல்லும். கிணற்றில் கல்லைப் போடுவதற்கு நூற்று நாற்பது பேர், அதற்கு மூன்று ஷிப்ட். ஆனால் இந்தப் பெண் அறுந்துபோகவில்லை. அந்தப் பக்கம் சேவல் ஒன்று கூவியது, யாரோ இருமினார்கள், ஒரு தகர டப்பா உருண்டது. பிறகு அவளே பேசினாள். "அணைச்சுட்டேன். இது ஏறி வர நாலு நிமிசம் ஆவும். வச்சிராதீங்க கண்ணு. தெரிஞ்சுதான் பக்கத்து வூட்டுப் போன்ல கூப்புடறேன்."

தெரிஞ்சுதான். அந்த ஒரு சொல் முத்துப்பேச்சியின் காதுக்குள் மீன்முள்ளாக நின்றது. தெரிந்துவிட்டது, மலைமேல் இருக்கிற ஒருத்திக்கு நம் வித்தை தெரிந்துவிட்டது. பாவாயி என்று பெயர் சொல்லியிருந்தாள், கருங்கோம்பை ரேஷன் கடையில் விற்பனையாளர். கைரேகை வைக்கிற மெஷினுக்குள் போட்டிருப்பது இந்தக் கம்பெனியின் சிம். பத்து நாளாக அதில் நெட் இல்லை. ரேகை ஏறினால்தான் பில் வரும், பில் வந்தால்தான் மூட்டையைப் பிரிக்கலாம். முப்பத்தொரு கார்டு பாக்கி, இன்றைக்கு மாசக் கடைசி, இன்று வாங்காத அரிசி அடுத்த மாசத்துக்கு வராது. மலைக்குக் கீழே இருக்கிற ரேஷன் அதிகாரியிடம் கேட்டதற்கு, கோளாறு நெட் கம்பெனியோடது என்று அவர்களிடமே ஒரு புகார் எண் வாங்கி வா, அதைக் காட்டினால் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க அனுமதிக்கிறேன் என்றிருக்கிறார். ஆக அவளுக்கு வேண்டியது நெட் கூட இல்லை, ஓர் எண். பத்து இலக்கம். அதைக் கேட்டுத்தான் ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறாள், இது ஏழாவது. இவ்வளவையும் அவள் ஒரே மூச்சில், ஆனால் அவசரமில்லாமல், ஏற்கெனவே ஆறு பேரிடம் ஒப்பித்துப் பழகிய பாடமாகச் சொல்லியிருந்தாள். முத்துப்பேச்சியும் அவசரமில்லாமல் கேட்டுவிட்டு ரீஸ்டார்ட் என்றாள். கேட்டதும் சொன்னதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இரண்டு பஸ்களாகப் போயின.

நாலு நிமிடம். என்ன செய்வது நாலு நிமிடத்தை? திரையின் மூலையில் நொடிகள் பச்சையில் ஓடின, நாலைத் தாண்டினால் மஞ்சள், ஆறைத் தாண்டினால் சிவப்பு. ஒரு அழைப்பில் இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்ததே இல்லை அவள். ஏசி காற்று நேராகப் பின்கழுத்தில் விழுந்தது, துப்பட்டாவை இழுத்துக் காதோடு மூடிக்கொண்டாள், மூடினால் ஹெட்செட் நழுவுகிறது, நழுவினால் அந்தப் பக்கத்துச் சேவல் தூரமாகப் போகிறது. கை சும்மா இருக்கவில்லை. பழைய புகார்களை மேலே தள்ளிப் பார்த்தது. யாரும் மேலே தள்ளிப் பார்ப்பதில்லை. பார்க்க நேரம் எங்கே? ஆறு வரி இருந்தது. கருங்கோம்பை, வாடிக்கையாளர் கருவிக் கோளாறு, மூடப்பட்டது. கருங்கோம்பை, வாடிக்கையாளர் கருவிக் கோளாறு, மூடப்பட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இங்கே ஆறு பேர் வரிசையாக நின்று கூடத்தைக் குற்றம் சொல்லியிருக்கிறார்கள். யாரடா இந்த ஆறு பேர் என்று ஓரத்திலிருந்த ஆள் எண்களைப் படித்துக்கொண்டே வந்தாள். 2140. 2302. 2188. நாலாவது வரியில் 2217. கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. போனபிறகுதான் தயங்கித் திரும்பி வந்தது. 2217. அது அவள் கழுத்தில் தொங்குகிற அட்டையில் இருக்கும் எண்.

அந்த வரியில் இருபத்தைந்தாம் தேதி என்றிருந்தது. என்ன நடந்தது இருபத்தைந்தாம் தேதி? அன்றைக்கு ஹாஸ்டலில் புளிசாதம், இல்லை, புளிசாதம் அதற்கு முந்தின நாள், அன்றைக்குத் தண்ணி வரவில்லை என்று சத்தம் போட்டோம், தலை குளிக்காமல் வந்தோம், இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது, பாவாயி ஞாபகம் இல்லை. குரல் கூட ஞாபகம் இல்லை. பேசிய நேரம் ஒரு நிமிடம் பதினோரு நொடி என்று திரை சொன்னது. கீழே அவளே தட்டிய குறிப்பு: மெஷின் சிம்மை போனில் போட்டுப் பார்த்தார், சிக்னல் முழுதாக உள்ளது, ரீஸ்டார்ட் சொல்லப்பட்டது, சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதா? யார் சொன்னது? அந்தப் பக்கம் லைன் அறுந்து கிடக்கிறது, இந்தப் பக்கம் இவள் சரியாகிவிட்டது என்று தட்டுகிறாள், எழுத்துப் பிழை இல்லாமல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், இவள் மறைத்ததோ சோற்றையே. அந்த வாரம்தான் அழைப்புகளைச் சீக்கிரம் முடிப்பதற்காக அவளுக்கு 'மின்னல்' பட்டம் கொடுத்தார்கள். கேக் வெட்டினார்கள். படம் எடுத்துச் சுவரில் ஒட்டினார்கள், இதோ இப்போதும் தண்ணீர் கேனுக்கு மேலே தொங்குகிறது, காகித நட்சத்திரத்துக்குள் பல்லைக் காட்டிக்கொண்டு கட்டை விரலைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். கருங்கோம்பையில் முப்பத்தொரு கட்டை விரல் காத்துக்கொண்டிருக்க, இங்கே ஒரு விரல் படத்தில் நிற்கிறது. அந்த விரலை ஒடித்துப் போடலாம் போல இருந்தது. அம்மாவின் கட்டை விரல் நினைவுக்கு வந்தது, வேண்டாம் என்று சொன்னாலும் வந்தது. சாத்தூரில் தீப்பெட்டி ஒட்டி ஒட்டித் தேய்ந்துபோன விரல். ரேஷன் மெஷினில் வைத்தால் ஏறாது. உன் விரல்லதாம்மா கோளாறு, எண்ணெயைத் தேச்சுட்டு நாளைக்கு வா என்பான் கடைக்காரன். அம்மாவும் நம்பினாள். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து விரலில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டே, சனியன் பிடிச்ச விரல் என்று தன்னைத்தானே திட்டுவாள். விரலை ஏன் திட்டுற, மெஷினைத் திட்டு என்று பதிமூன்று வயசில் கத்திய பிள்ளை யார்? முத்துப்பேச்சிதான். சிக்னல் முழுதாக உள்ளது என்று எழுதியது யார்? அதுவும் அவள்தான்.

தடுப்புப் பலகையில் பேனாவால் இரண்டு தட்டு விழுந்தது. டீம் லீடர் கதிரேசன். அவர் யாரையும் திட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை, ஏலக்காய் வாசம் வீச நடந்து வந்து பேனாவால் இரண்டு தட்டுத் தட்டுவார், முடி என்று அர்த்தம். தட்டிவிட்டுத் தன் மேசைக்கே போய்விட்டார், அங்கிருந்து திரையில் பார்ப்பார். மூன்று நிமிடம் ஐந்து நொடி. முத்துப்பேச்சிக்குக் கால் விரல்கள் செருப்புக்குள் சுருண்டன. பயம்தான், அதற்கு வேறு பெயர் எதற்கு. ஏற்கெனவே இரண்டு கறுப்புப் புள்ளி இருக்கிறது அவள் கணக்கில். ஒன்று, அழைப்புக்கு நடுவில் இருமியதற்கு. இன்னொன்று, கேள்வி கேட்ட ஒருவரிடம் 'எனக்கும் தெரியலைங்க' என்று உள்ளதைச் சொன்னதற்கு. தெரியவில்லை என்பது இங்கே கெட்ட வார்த்தை. மூன்றாவது புள்ளி விழுந்தால் மறுபயிற்சி என்பார்கள், மறுபயிற்சிக்குப் போன யாரும் நாற்காலிக்குத் திரும்பியதில்லை, எஸ்தர் போனாள், அவளுடைய தண்ணீர் பாட்டில் ஒரு மாசம் மேசையிலேயே இருந்தது. போனால் எங்கே போவது? சாத்தூருக்கு, மறுபடி தீப்பெட்டிக்கு. ஸ்வேதாவாக வந்து முத்துப்பேச்சியாகத் திரும்புவது. ஸ்வேதா என்பது கம்பெனி கொடுத்த பெயர். சேர்ந்த அன்றைக்கு, முத்துப்பேச்சி என்று சொன்னால் வாடிக்கையாளர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே அரை நிமிடம் ஆகும் என்று சிரித்துக்கொண்டே ஒரு பட்டியலை நீட்டினார்கள், அதில் மிச்சமிருந்தது ஸ்வேதா. அவளும் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டதில் ஒரு வசதி இருக்கிறது, இப்போதுதான் தெரிகிறது. பொய் சொன்னதெல்லாம் ஸ்வேதா. கேக் தின்றது மட்டும் முத்துப்பேச்சி.

"இன்னும் வரலீங்களா மேடம்?" என்று கேட்டாள், எதையாவது கேட்க வேண்டுமே என்று. படம் வந்திருக்கிறது, இனிமேல் தேதி கேட்கும், அப்புறம்தான் கோடு காட்டும் என்றாள் பாவாயி. பத்து நாளில் அவள் எதைத்தான் செய்து பார்க்கவில்லை என்பதையும் சொன்னாள். சிம்மைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டாள். விமானப் படத்தைத் தொட்டு அணைத்தாள். செட்டிங்கில் போய் நாலு ஜி-யைக் குறைத்து மூன்றில் வைத்தாள், இரண்டில் வைத்தாள். மெஷினைத் தண்ணித் தொட்டிமேல் ஏற்றினாள். ஊரில் இதே சிம் வைத்திருக்கிற பதினோரு போனையும் வாங்கிப் பார்த்தாள், பதினொன்றிலும் பேச்சு வருகிறது, நெட் வரவில்லை. கம்பெனி பொறியாளர் வந்திருந்தாலும் இவ்வளவு ஒழுங்காகச் சோதித்திருக்க மாட்டான். முத்துப்பேச்சி திரையில் வரைபடத்தைத் திறந்தாள். கருங்கோம்பை டவர் ஒரு பச்சைப் புள்ளியாகக் குளுகுளுவென்று இருந்தது. பச்சை என்றால் ஒன்றுமில்லை, டவருக்குக் கரண்ட் இருக்கிறது, பேச்சு போகிறது, அவ்வளவுதான். போனில் நாலு கோடு நிற்பதும் அதற்கு மட்டும்தான் சாட்சி. நெட்டு போக டவருக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவில் ஒழுங்கான இணைப்பு வேண்டும், அது எங்கே சீர்கெட்டுக் கிடந்தாலும் கோடு நாலும் நிற்கும், புள்ளி பச்சையாகவே சிரிக்கும். பயிற்சியின் இரண்டாம் நாள் ஒரு பொறியாளர் இதைச் சொன்னார். மூன்றாம் நாள் வந்தவர், அதெல்லாம் உங்களுக்கு வேண்டாம், பச்சையாக இருந்தால் கருவிக் கோளாறு என்று போடுங்கள் என்றார். நூற்று நாற்பது பேரும் இரண்டாம் நாளை மறந்து மூன்றாம் நாளை வைத்துக்கொண்டார்கள். இவளுக்கு இரண்டும் ஞாபகம் இருந்தது, அதுதான் கேவலம். தெரியாமல் செய்திருந்தால் தேவலை. பச்சைப் புள்ளிக்கு டவர் கோளாறு எண் கொடுக்கக் கம்ப்யூட்டர் விடாது, விட வேண்டுமென்றால் கதிரேசன் அனுமதிக்க வேண்டும், கதிரேசன் அனுமதித்ததாகச் சரித்திரம் இல்லை. வேறு வழி இல்லையா என்றால் ஒன்று இருந்தது. அவள் மூடிய அந்த நாலாவது வரியின் கடைசியில், சாம்பல் நிறத்தில், கண்ணுக்கே தெரியாத அளவில் ஒரு பொத்தான்: தவறாக மூடினேன். மூடியவர்தான் அதை அமுக்க முடியும். அமுக்கினால் புகார் யார் அனுமதியும் கேட்காமல் டவர் ஆட்களிடம் நேராகப் போகும், புது எண் விழும், அமுக்கியவருக்கு ஒரு கறுப்புப் புள்ளியும் விழும். பஸ்ஸில் கண்ணாடிக்குப் பக்கத்தில் சுத்தியல் மாட்டிவைப்பார்களே அந்த மாதிரி, விதிக்காக வைத்தது. இரண்டு வருஷத்தில் அதை யாரும் அமுக்கிப் பார்த்ததில்லை. நான் தப்பு செய்தேன் என்று யார் கை நீட்டுவார்கள், அதுவும் கூலி வாங்குகிற கை? ஆனால் இந்த ஆறு பேரில் இன்றைக்கு இந்தப் பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பது 2217 மட்டும்தான். மற்ற ஐந்து கதவுக்கும் சாவி வேறு யாரிடமோ, இந்த ஒன்றுக்கு இவளிடம். வெட்கமாக இருந்தது. வெட்கம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அதற்குள்ளிருந்து கோபம் வந்தது, நல்ல கோபம், பதிமூன்று வயசில் வந்த அதே கோபம், இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று கேட்கத் தோன்றியது.

நாலு நிமிடம் ஆனது, நொடிகள் மஞ்சளாயின. வாடிக்கையாளருக்குக் கேட்காமல் இவள் காதில் மட்டும் பேசுகிற வசதி டீம் லீடருக்கு உண்டு. கதிரேசனின் குரல் மெல்ல வந்தது. "ஸ்வேதா, டிவைஸ் இஷ்யூன்னு போட்டு முடிங்க. க்யூ நிக்குது."

அவர் பேசுவது பாவாயிக்குக் கேட்காது, இவள் பேசினால் கேட்கும். பேச வேண்டுமானால் ஒலியை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும் என்பது விதி. நிறுத்தும் பொத்தான் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. முத்துப்பேச்சி அதைப் பார்த்தாள், தொடவில்லை.

"மெஷின்ல கோளாறு இல்ல சார். கோளாறு நம்ம பக்கம்."

கூடத்தில் நூற்று முப்பத்தொன்பது பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். யாருகிட்ட கண்ணு பேசுற என்று பாவாயி கேட்டாள். எங்க சார்கிட்ட என்றாள் இவள். ஏழு அழைப்பில் அந்த ஒரு வாக்கியத்தை அவள் முதல் தடவையாகக் கேட்கிறாள் என்பது முத்துப்பேச்சிக்குப் புரிந்தது. இருமல் முட்டியது. இருமினால் புள்ளி விழும் என்று ஒரு நினைப்பு வந்தது, விழட்டும் என்று நன்றாகவே இருமினாள். அதற்குள் மெஷின் ஏறிவிட்டது. நாலு கோடும் நிக்குது என்றாள் பாவாயி, குரலில் கேலி இருந்தது. யாரையோ மாதம்மா என்று கூப்பிட்டாள், விரலை வை, அழுத்தாத, சும்மா வை என்றாள். முத்துப்பேச்சி கண்ணை மூடிக்கொண்டாள். சுத்துது என்றது குரல். சுத்துது. இன்னும் சுத்துது. ஒருவேளை வந்துவிடுமோ, வந்துவிட்டால் பொத்தானை அமுக்க வேண்டாம், புள்ளி வேண்டாம், சாத்தூர் வேண்டாம் என்று உள்ளே ஸ்வேதா கையைக் கூப்பிக்கொண்டு நிற்பது இவளுக்கே தெரிந்தது. நின்றுவிட்டுப் போகட்டும், அவளும் பாவம், பிழைக்க வந்தவள். இணைப்பு இல்லைங்குது என்றாள் பாவாயி. பின்னால் மாதம்மாவின் குரல், என் வெரலுதான் சரியில்ல போலிருக்கு என்றது.

"உங்க விரல்ல ஒண்ணும் இல்லைன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள் முத்துப்பேச்சி, கொஞ்சம் சத்தமாகவே. சொல்லிக்கொண்டே அமுக்கினாள். பொத்தான் சாம்பலிலிருந்து சிவப்புக்குப் போனது. நிச்சயமாகவா என்று ஒரு கட்டம் கேட்டது, ஆம் என்றாள். காரணம் கேட்டது. 'நெட் சரியாகவில்லை, சரியாகிவிட்டது என்று நான் எழுதியது பொய்' என்று தட்டினாள், எழுத்துப் பிழை இல்லாமல். திரை ஒரு கணம் வெளுத்தது, பிறகு எண் விழுந்தது. காதில் கதிரேசன், என்ன பண்ணிட்டீங்க, என்ன பண்ணிட்டீங்க என்று இரண்டு தடவை கேட்டார், முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்திருந்தது. அவர் பாவம் என்றும் தோன்றியது, தோன்றியதை ஓரமாக வைத்துவிட்டு, எழுதிக்கங்க என்றாள். ஏழு. பூஜ்யம். நாலு. நாலு. ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பாவாயி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதினாள், அவளுக்குப் பின்னால் மாதம்மாவோ யாரோ அதையும் திருப்பிச் சொன்னார்கள். பத்தாவது இலக்கம் முடியும்போது திரையின் மூலை சிவந்திருந்தது. ஆபீஸ் மூடுவதற்குள் அதிகாரிக்குக் காட்டிவிடுங்கள், நெட் கம்பெனி கோளாறு என்றுதான் இதில் இருக்கிறது, யாரும் மாற்ற முடியாது, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசியைப் போடுங்கள் என்றாள். அந்தப் பக்கம் கடையின் இரும்பு ஷட்டரைத் தூக்குகிற சத்தம் அப்போதே கேட்டது.

பேர் என்ன என்று பாவாயி கேட்டாள். நோட்டில் தேதி போட்டு ஆறு பேர் பெயரையும் எழுதிவைத்திருக்கிறாளாம், நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட.

"முத்துப்பேச்சி."

ஊர்ப் பேராக இருக்கிறதே என்றாள் பாவாயி. அரை நிமிடமெல்லாம் ஆகவில்லை, கேட்டதும் எழுதிக்கொண்டாள். பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "இருபத்தஞ்சாந் தேதி ஸ்வேதான்னு ஒருத்தி. அவ குரலும் உங்களுதாட்டமே இருந்துச்சு. கொரலக் கேட்டதுமே நெனச்சேன், கேக்கலாமா வேண்டாமான்னு இருந்தேன். வேற ஆளா கண்ணு? வேற ஆளுன்னா அந்தப் பேர அடிச்சுர்றேன்."

கதிரேசன் எழுந்து வந்துகொண்டிருந்தார், பேனா கையில் இருந்தது. மேடம் என்று சொல்ல வாய் போனது. அது வரவில்லை, வேறொன்று வந்தது.

"அடிச்சிராதீக அக்கா. அதுவும் நாந்தேன். பக்கத்துலயே இந்தப் பேரையும் எழுதிக்கோங்க."

தடுப்புப் பலகையில் இரண்டு தட்டு விழுந்தது. முத்துப்பேச்சி திரும்பவில்லை. பாவாயி எழுதி முடிக்கும்வரை லைனில் இருந்தாள்.